பிறர்க்குக் கண்ணாதல்

ஐம்பொறிகளுள் கண்ணே தலைமை சான்றது என்பர் பெரியோர். தாய்மார் தம் குழந்தையைக் கொஞ்சும்பொழுது 'கண்ணே' என்று அழைக்கின்றனர். அரும்பொருளைக் 'கண்போற் காத்தேன்' என்று கூறுகின்றனர். பிறர்பால் கொள்ளும் இரக்கத்தையே 'கண்ணோட்டம்' என்னும் சொல்லால் நம் முன்னோர் வழங்கினர். இத்துணைச் சிறப்பு வாய்ந்த கண்ணின் ஒளியை இழந்தோர்க்கு உதவுதல் நல்லறம் என்பதை எவரும் மறுக்கமாட்டார். ஆயினும், உதவ வேண்டும் என்னும் உள்ளம் அமைந்துவிட்டால் மட்டும் போதுமா? உதவும் முறையையும் அறிதல் வேண்டும் அன்றோ? இவ்வுண்மையை யான் ஏட்டிற் படித்து அறிந்தேனல்லேன். ஏறத்தாழ முப்பதாண்டு ஆசிரியப் பணி ஆற்றிய பின்னர், பதினேழு வயது மாணவர் ஒருவர் அதனை எனக்குக் கற்பித்தார். அவ்வரலாற்றை உங்கட்குக் கூற விழைகின்றேன்.

பன்னிரண்டு ஆண்டுகட்கு முன்னர் நிகழ்ந்தது அது. மேனிலைப் பள்ளிப் பொதுத்தேர்வு நடைபெற்றுக்கொண்டிருந்தது. பார்வையற்ற மாணவர் விடையைத் தம் வாயாற் சொல்ல, வேறொருவர் அதனைக் கேட்டு எழுதுவது வழக்கம். அவ்வாறு எழுதும் ஆசிரியருள் ஒருவனாக யான் ஒரு பள்ளிக்கு அனுப்பப்பெற்றேன். அன்றைய தேர்வு வரலாறு. அப்பாடத்தைக் கற்பிப்பவர் எழுதுதல் கூடாது ஆதலின், தமிழாசிரியனாகிய என்னை அமர்த்தினர். ஏனைய மாணவர் பெரிய கூடத்தில் அமர்ந்தனர். எங்கள் இருவர்க்கும் தனியே ஒரு சிற்றறை ஒதுக்கப்பெற்றது.

அம்மாணவர் வெண்கோலைத் தரையில் மெல்லத் தட்டிக்கொண்டு அறையினுள் நுழைந்தார். பலகையின் விளிம்பைத் தொட்டறிந்து அமர்ந்தார். கோலை மடித்து மடிமேல் வைத்துக்கொண்டார். யான் வினாத்தாளின் முகப்பைப் படித்துக் காட்டியவுடன் முறுவலித்து, "ஐயா, தாங்கள் தமிழாசிரியரோ? ழகரத்தை இவ்வளவு தெளிவாகச் சொல்கிறீர்களே!" என்றார். என் உள்ளம் குளிர்ந்தது. 'இப்பிள்ளைக்கு நம்மால் இயன்ற உதவியெல்லாம் செய்தல் வேண்டும்' என்று அப்பொழுதே உறுதி பூண்டேன். அவ்வுறுதியே என்னைப் பிழை செய்யத் தூண்டியது.

வேலூர்ப் புரட்சியைப் பற்றிக் கட்டுரை வரைக என்பது ஒரு வினா. மாணவர் தங்குதடையின்றிச் சொல்லத் தொடங்கினார். சிப்பாய்கள் நெற்றியிற் குறியிடலாகாது, காதணி அணியலாகாது என்று ஆங்கிலப் படைத்தலைமை ஆணையிட்டதையும், தோற்பட்டம் பொருந்திய புதிய தலைப்பாகையை அணியுமாறு கட்டாயப்படுத்தியதையும், திப்பு சுல்தானின் மைந்தர் அக்கோட்டையிலே காவலில் வைக்கப்பட்டிருந்ததையும், சூலைத் திங்கள் 10-ஆம் நாள் விடியுமுன் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததையும், ஆர்க்காட்டிலிருந்து கில்லெசுப்பி என்னும் தளபதி குதிரைப் படையுடன் விரைந்து வந்து அதனை அடக்கியதையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துரைத்தார். செய்தி செம்மையாக இருந்தது. நடை மட்டும் எளிய பேச்சு நடையாக இருந்தது.

"புதிய தலைப்பாகையைப் பார்த்ததும் சிப்பாய்களுக்குக் கோபம் வந்தது" என்றார் அவர். யானோ, "புதிய தலைப்பாகையைக் கண்ட வீரர் வெகுண்டெழுந்தனர்" என்று எழுதினேன். ஒரு பக்கம் நிறைந்தது.

"ஐயா, இதுவரை எழுதியதைப் படித்துக் காட்டுங்கள்" என்றார் மாணவர். படித்தேன். அவ்விடம் வந்தவுடன் அவர் கை உயர்த்தித் தடுத்தார்.

"'வெகுண்டெழுந்தனர்' என்று நான் சொல்லவில்லையே, ஐயா."

"பொருள் ஒன்றுதான், தம்பி. நடை சிறந்தால் மதிப்பெண் மிகும்" என்றேன்.

அவர் சிறிது நேரம் வாளா இருந்தார். பின்னர்ப் பணிவு குன்றாத குரலில், "மதிப்பெண் மிகும் என்பது மெய்தான், ஐயா. ஆனால் அந்த மதிப்பெண் யாருக்கு உரியது? எனக்குக் கண் இல்லை; அதனால் தங்கள் கண்ணையும் கையையும் கேட்கிறேன். சொல் என்னிடம் இருக்கிறது" என்றார்.

எனக்கு முகம் கன்றியது. நாணத்தால் தலை கவிழ்ந்தேன். யான் எழுதிய தொடரை அடித்துவிட்டு, "சிப்பாய்களுக்குக் கோபம் வந்தது" என்று அவர் சொல்லியவாறே எழுதினேன்.

கட்டுரை முடியும் தறுவாயில் வேறொரு சோதனை வந்தது. "1808-ஆம் ஆண்டில் நிகழ்ந்த இப்புரட்சியே 1857-ஆம் ஆண்டுப் பெரும்புரட்சிக்கு முன்னோடி ஆகும்" என்று அவர் முடித்தார். வேலூர்ப் புரட்சி நிகழ்ந்த ஆண்டு 1806 என்பதை நீங்கள் அறிவீர்கள், யானும் அறிவேன். என் கை ஓரிமைப் பொழுது நின்றது. தாளின்மேல் எழுதுகோல் ஓடும் ஓசை நின்றதை அவர் செவி உணர்ந்தது. "சொன்னபடியே எழுதுங்கள், ஐயா" என்றார். அறிந்தே ஒரு பிழையை எழுதினேன். வாழ்நாள் எல்லாம் பிழை திருத்தியே பழகிய கைக்கு அஃது எத்துணைத் துன்பமாக இருந்தது என்பதைச் சொற்களால் விளக்க இயலாது.

தேர்வு முடிந்தது. மற்றையோர்க்கு வரையறுத்த காலத்தினும் ஒரு மணி நேரம் மிகுதியாக அவர்க்கு வழங்கப்பெற்றிருந்தது ஆதலின், நாங்கள் வெளிப்போந்த காலத்தில் பள்ளி முற்றம் வெறிச்சோடிக் கிடந்தது. தாழ்வாரத்தில் நடக்கும்பொழுது அவர், "ஐயா, வேலூர்ப் புரட்சி 1806 அல்லவா? எழுதுகோல் நின்றபோதே பிழை என்று தெரிந்துகொண்டேன்" என்றார்.

"தெரிந்தும் ஏன் திருத்தவில்லை, தம்பி? நீ மாற்றிச் சொல்லியிருந்தால் எழுதியிருப்பேனே!" என்று கேட்டேன்.

"தங்கள் கை நின்றதனால் கிடைத்த விடை என் விடை ஆகுமா, ஐயா? நான் செய்த தவறும் எனக்கே உரியதாக இருக்கட்டும்" என்று கூறி, வெண்கோலை விரித்துக்கொண்டு நடந்தார்.

அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. யான் செய்தது அன்பினால் செய்தது என்றே முதலில் எண்ணினேன். ஆழ்ந்து எண்ணியபொழுது வேறோர் உண்மை புலப்பட்டது. கண்ணொளி இல்லாதவர்க்குச் சொல்லாற்றலும் குறைவாகவே இருக்கும் என்று என் உள்ளத்தின் ஒரு மூலை கருதியிருந்தது. அக்கருத்தே அன்பு என்னும் போர்வையைப் போர்த்துக்கொண்டு என் கையில் ஏறி அமர்ந்தது. பிறர்க்குக் கண்ணாக விரும்புவோன் அவர்க்கு அறிவாகவும் நாவாகவும் மாற முற்படுவானாயின், அஃது உதவி ஆகாது. அவர் உடைமையைப் பறித்தலே ஆகும்.

இதனை யான் முன்னரே உணர்ந்திருத்தல் வேண்டும். நம் இலக்கிய வரலாற்றிலேயே இதற்குச் சான்று உளது. இரட்டைப் புலவர் என்று போற்றப்பெறும் இளஞ்சூரியரையும் முதுசூரியரையும் பற்றி வகுப்பறையில் யானே பலகாற் கற்பித்துள்ளேன். அவருள் ஒருவர் பார்வையற்றவர். மற்றவர் கால் வழங்காதவர். பார்வையற்றவர் தம் தோளில் மற்றவரைச் சுமந்து நடப்பார். தோள்மேல் இருப்பவர் வழி காட்டுவார். செய்யுளின் முற்பகுதியை ஒருவர் பாட, பிற்பகுதியை மற்றவர் பாடி முடிப்பார் என்பது வழிவழியாக வழங்கும் செய்தி. தில்லைக் கலம்பகமும் திருவாமாத்தூர்க் கலம்பகமும் அவர்கள் இயற்றியவை. அவ்விருவருள் உதவி செய்தவர் யார்? உதவி பெற்றவர் யார்? ஒருவர் கண் தந்தார். ஒருவர் கால் தந்தார். செய்யுளை இருவரும் தந்தனர். தோள்மேல் இருந்தவர், 'வழி காட்டுபவன் யானே. ஆதலின் செய்யுள் முழுவதையும் யானே பாடுவேன்' என்று கூறினாரல்லர்.

17-ஆம் நூற்றாண்டில் தொண்டைநாட்டுப் பொன்விளைந்தகளத்தூரில் வாழ்ந்த வீரராகவ முதலியார் 'அந்தகக்கவி' என்றே பெயர் பெற்றவர். இளமையில் அவர் முதுகின்மேல் விரலால் எழுதிக்காட்ட, அவ்வாறே எழுத்துகளை உணர்ந்து கற்றார் என்பர். சேயூர்க் கலம்பகம் முதலிய நூல்களை அவர் இயற்றினார். அவர்க்கு ஏடுகளைப் படித்துக் காட்டியோரும், அவர் பாடியவற்றை ஓலையில் எழுதியோரும் பலர் இருந்திருத்தல் வேண்டும். அவர்தம் பெயர்கள் நிற்கவில்லை. கவிஞர் பெயரே நின்றது. அதுவே முறையும் ஆகும்.

பார்வையற்றோர் தம் வழியைத் தாமே வகுத்துக்கொள்ள வல்லர் என்பதற்குப் பிரான்சு நாட்டு லூயி பிரெயில் என்பாரின் வாழ்வு பெருஞ்சான்று. அவர் 1809-ஆம் ஆண்டில் தோல்வினைஞர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். மூன்று வயதில் தந்தையின் தொழிற்கூடத்தில் விளையாடும்பொழுது குத்தூசி ஒன்று அவர் கண்ணிற் பாய்ந்தது. நோய் மற்றைக் கண்ணுக்கும் பரவ, இரு கண்களும் ஒளி இழந்தன. பாரிசு நகரத்துப் பள்ளியிற் பயிலும்பொழுது, சார்லசு பார்பியே என்பவர் அமைத்திருந்த பன்னிரு புள்ளி எழுத்துமுறையை அவர் அறிந்தார். ஒரு விரல்நுனியால் ஒருங்கே தொட்டு உணர இயலாத அம்முறையைச் சுருக்கி, 1824-ஆம் ஆண்டில், தம் பதினைந்தாம் வயதில், ஆறு புள்ளிகளால் ஆகிய எழுத்துமுறையை வகுத்தார். 1829-ஆம் ஆண்டில் அதனை நூலாக வெளியிட்டார். அவ்வாறு புள்ளிகளையும் மாற்றி மாற்றி அமைப்பின் 63 வடிவங்கள் பிறக்கும். எந்தக் கூரிய கருவி அவர் கண்ணொளியைக் கவர்ந்ததோ, அதனை ஒத்த கூரிய எழுத்தாணியே தாளிற் புள்ளி பதிக்கும் கருவியாயிற்று.

இந்திய மொழிகட்கு எல்லாம் பொதுவாகப் 'பாரதி பிரெயில்' என்னும் முறை 1951-ஆம் ஆண்டில் ஏற்றுக்கொள்ளப்பெற்றது. அம்முறையில் தமிழ் எழுதப்படுவதைக் கண்டு யான் வியப்புற்றேன். 'கொ' என்னும் எழுத்தை நாம் எழுதும்பொழுது ககரத்தின் இரு பக்கமும் குறியிடுகின்றோம். புள்ளி எழுத்திலோ முதலில் ககரமும் அதன் பின்னர் ஒகரமும் வருகின்றன. உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னுமாக ஒலிக்கும் என்று நம் இலக்கணம் கூறும் முறையும் அதுவே அன்றோ? கண்ணால் எழுத்தைக் கற்ற நாம் மறந்துவிட்ட ஒலியின் வரிசையை, விரலாற் கற்போர் நாள்தோறும் தொட்டு உணர்கின்றனர்.

பணி நிறைவு பெற்ற பின்னர், பார்வையற்ற மாணவர்க்கும் பார்வை குன்றிய மாணவர்க்கும் நூல் படித்துக் காட்டும் பணியை மேற்கொண்டேன். கிழமைக்கு இரண்டு நாள் பிற்பகலில் அவர்தம் விடுதிக்குச் செல்கின்றேன். இக்காலத்தில் கைப்பேசியும் கணிப்பொறியும் எழுத்தைப் படித்துக் காட்டுகின்றனவே, மனிதர் எதற்கு என்று நீங்கள் வினவலாம். பழைய தமிழ் அச்சுநூல்களின் மங்கிய பக்கங்களிற் பொறி தடுமாறுகின்றது; செய்யுளைச் சீர் பிரித்துப் படிக்க அதற்குத் தெரிவதில்லை; படத்தையும் வரைபடத்தையும் விளக்குங்கால் அது பிழைபடுதலும் உண்டு. ஆதலின் மனிதக் குரலுக்கு இன்னும் பணி உளது. 2012-ஆம் ஆண்டில் திருத்தப்பெற்ற பதிப்புரிமைச் சட்டம், இத்தகையோர் பயன்படுத்தத் தக்க வடிவில் நூல்களை ஆக்கிக்கொள்ள இடந்தருகின்றது. இதே நோக்கத்துடன் உலக நாடுகள் 2013-ஆம் ஆண்டில் மொரோக்கோ நாட்டு மராக்கேசு நகரிற் செய்த உடன்படிக்கையை, 2014-ஆம் ஆண்டில் முதன்முதலாக உறுதிசெய்த நாடு இந்தியாவே என்பது நாம் பெருமைப்படத் தக்கது.

படித்துக் காட்டுதல் எளிய செயல் என்று எண்ணியே யான் தொடங்கினேன். அங்கும் எனக்குப் பாடம் காத்திருந்தது. ஒருநாள் நூலின் இடையே படம் ஒன்று வந்தது. "திருவண்ணாமலைக் கோபுரத்தின் படம், மிக அழகாக உளது" என்று கூறி மேலே படிக்கத் தொடங்கினேன். கேட்டுக்கொண்டிருந்த மாணவி ஒருவர், "கோபுரத்திற்கு எத்தனை நிலை, ஐயா?" என்றார். யான் திகைத்தேன். அக்கோபுரத்தை நேரிலேயே பலகாற் கண்டு வணங்கியவன் யான், ஒருமுறையேனும் எண்ணினேனல்லேன். விரல் வைத்து எண்ணி, "பதினொன்று, அம்மா" என்றேன். அழகு என்பது என் முடிவு. பதினொரு நிலை என்பது செய்தி. செய்தியைக் கொடுத்தால் அழகை அவரே உணர்ந்துகொள்வார். அன்றுதொட்டுப் படத்தைப் பற்றிக் கருத்துரைப்பதை விடுத்து, அதில் உள்ளதை உள்ளவாறு சொல்லப் பழகினேன்.

மாணவச் செல்வர்களே! நீங்களும் இப்பணிக்கு உரியவரே. அதன் முறைகள் சிலவற்றைக் கூறுகின்றேன். படிக்கும்பொழுது லகர ளகர ழகரங்களைத் தெளிவாக ஒலியுங்கள். வாளையும் வாழையும் கேட்போர்க்கு ஒன்றாகிவிடுதல் கூடாது. கடினமான பகுதியைச் சுருக்காதீர்கள். கேளாமல் விளக்கம் கூறாதீர்கள். தெருவில் பார்வையற்றோர் ஒருவரைக் கண்டால், ஓடிச்சென்று கையைப் பற்றி இழுக்காதீர்கள். "உதவி வேண்டுமா?" என்று முதலில் கேளுங்கள். வேண்டாம் என்பாராயின் விலகி நில்லுங்கள். வேண்டும் என்பாராயின், அவர் உங்கள் முழங்கையைப் பற்றிக்கொள்ளுமாறு செய்து, அரையடி முன்னே நடந்து செல்லுங்கள். படி வரும்பொழுது, ஏறும் படியோ இறங்கும் படியோ என்பதைச் சொல்லுங்கள். பிரியும்பொழுது சொல்லிவிட்டுப் பிரியுங்கள். வெற்றிடத்தோடு அவரைப் பேசவிடுதல் ஆகாது. நடைபாதையில் மிதிவண்டியைக் குறுக்கே நிறுத்தாமல் இருப்பதும் ஓர் உதவியே.

பார்வை குன்றியோர் அனைவரும் முழு இருளில் வாழ்கின்றனர் என்று எண்ணுதலும் தவறு. சிலர்க்கு ஒளி மட்டும் புலப்படும். சிலர் மூங்கிற் குழலூடு நோக்குவார் போல நடுவில் உள்ளதை மட்டும் காண்பர். சிலர் எழுத்தைப் பெரிதாக்கினாற் படிப்பர். ஆதலின் ஒருவர்க்கு என்ன உதவி வேண்டும் என்பதை அவரே அறிவார்; நாம் கேட்டே அறிதல் வேண்டும்.

தேர்வெழுதித் தருவோர்க்கு யான் கூறுவது ஒன்றே. 2018-ஆம் ஆண்டில் நடுவண் அரசு வெளியிட்ட நெறிமுறைகள், தேர்வர் தாமே எழுதுவோரை அழைத்து வரின், அவர்தம் கல்வித் தகுதி தேர்வருடையதினும் ஒரு படி குறைந்திருத்தல் வேண்டும் என்று வகுத்தன. அதன் கருத்து யாது? எழுதுவோன் கையைக் கொணர்க. அறிவை வெளியே வைத்து வருக என்பதே. யான் அச்சிற்றறையில் நாணித் தலைகுனிந்து கற்றதை அந்நெறிமுறை ஒரு தொடரில் அடக்கிவிட்டது.

அம்மாணவர் இன்று ஓர் அரசுப் பள்ளியில் வரலாற்று ஆசிரியராக உள்ளார். அண்மையில் ஒருநாள் என் இல்லத்திற்கு வந்திருந்தார். "இப்பொழுது வேலூர்ப் புரட்சியை எவ்வாறு நடத்துகின்றீர்?" என்று நகைத்துக்கொண்டே கேட்டேன். "1806 என்பதை எந்நாளும் மறவேன், ஐயா. அன்று தாங்கள் திருத்தி எழுதியிருந்தால் ஒருகால் மறந்திருப்பேன்" என்றார். விடைபெறும்பொழுது வாயில்வரை உடன் சென்றேன். படியருகே என் கை தானாகவே அவர் தோளை நோக்கி நீண்டது. உடனே அதனை மடக்கிக்கொண்டு, "உதவி வேண்டுமா?" என்று கேட்டேன். "வேண்டும், ஐயா" என்று கூறி, அவர் என் முழங்கையைப் பற்றிக்கொண்டார்.